தண்ணீர் பார்த்த துணி

ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்குப் படிக்க வரும் நம்மூர்ப் பிள்ளைகள், குளிருக்கு உடுப்பு எங்கே வாங்கலாம் என்று கேட்கும்போதெல்லாம், நன்கொடையாக வந்த பழைய பொருள்களை அறப்பணிக்காக விற்கும் சாரிட்டி ஷாப்களைத்தான் நான் சொல்கிறேன். சொன்ன மாத்திரத்தில் இரண்டு விதமான பதில்கள் வருகின்றன. சிலர் "பழைய துணியா அக்கா?" என்று முகம் சுருங்கிப் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். வேறு சிலர், எந்தத் தெருவில் எந்தக் கிழமையில் போனால் பெரிய பிராண்டுகள் மலிவாகக் கிடைக்கும் என்று ஆவலோடு கேட்கிறார்கள். முதல் சாரார் அந்தத் துணியை முன்பு யார் உடுத்தியிருப்பார்கள் என்று யோசிக்கிறார்கள். இரண்டாம் சாரார் அதில் யாருடைய பெயர் தைத்திருக்கிறது என்று தேடுகிறார்கள். துணியை இருவரும் பார்ப்பதில்லை. திருப்பூரில் பிறந்து, பனியன் கம்பெனியில் செக்கிங், அதாவது தைத்த துணியில் குறை கண்டுபிடிக்கும் வேலை, பார்த்த ஓர் அம்மாவின் சம்பளத்தில் வளர்ந்த எனக்கு இது நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பழைய துணி நம் வீடுகளுக்கு அந்நியமானதன்று. அண்ணன் சட்டை தம்பிக்கு வரும். பாட்டியின் நூல் சேலை பேத்திக்குத் தூளியாகும். பிறந்த குழந்தையை முதலில் கையில் வாங்குவதே துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட வேட்டியில்தான். புதுத் துணியின் மொடமொடப்பு பச்சைக் குழந்தையின் தோலுக்கு ஆகாது என்பது எல்லாப் பாட்டிமாருக்கும் தெரியும். ஆனால் இவையெல்லாம் உறவுக்குள் கைமாறுபவை. உறவுக்கு வெளியே, நம்மூரில் பழைய துணி எப்போதும் மேலிருந்து கீழே கொடுக்கப்பட்டதாகவே இருந்திருக்கிறது. வீட்டு வேலை செய்தவர்களுக்கும் காட்டு வேலை செய்தவர்களுக்கும் அது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொடுக்கப்பட்டது. வாங்கிக்கொள்பவர் தாழ்ந்தவர் என்ற எண்ணமும் அந்தத் துணியோடு சேர்த்தே கொடுக்கப்பட்டது. அப்படி வாங்கி உடுத்திய தலைமுறையின் பிள்ளைகளுக்கு இன்று ஒரு கூச்சம் வருமானால், அதை அற்பமென்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இங்கே யாரும் யாருக்கும் இரங்கிக் கொடுப்பதில்லை. விலை போட்டிருக்கிறது, காசு கொடுக்கிறோம், ரசீது தருகிறார்கள், அந்தக் காசு ஒரு மருத்துவ ஆய்வுக்கோ வீடற்றவர்களின் இரவுத் தங்கலுக்கோ போகிறது. பேராசிரியரும் மாணவரும் ஓய்வூதியக்காரரும் ஒரே ஹேங்கர் வரிசையில் நின்று தள்ளித் தள்ளிப் பார்க்கிறார்கள்.

நிக்கல்சன் தெருவில்

இந்த ஊரில் இதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. ஆக்ஸ்ஃபாம் என்ற வறுமை ஒழிப்புத் தொண்டு அமைப்பு இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்டு நகரின் பிராட் தெருவில் தன் முதல் நிரந்தரக் கடையை 1940களின் இறுதியில் திறந்தது என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. அதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் முன்பே, 1937இல், எடின்பரோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சமூக நல அமைப்பு ஒன்று நிக்கல்சன் தெருவில் 'எல்லோருக்குமான சிக்கனக் கடை' என்று பெயரிட்டு ஒரு பழம்பொருள் கடையை நடத்தியிருக்கிறது. இன்றும் அந்தத் தெருவிலும் அதன் தொடர்ச்சியான கிளர்க் தெருவிலும் நடந்தால் சாரிட்டி ஷாப்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஸ்டாக்பிரிட்ஜ் பகுதியின் ரேபர்ன் பிளேஸும் மார்னிங்சைடு சாலையும் அதே போலத்தான்.

விலை குறைவாக இருப்பதற்கான காரணம் எளியது. சரக்கு இலவசமாக வருகிறது. விற்பவர்களில் பெரும்பாலோர் தொண்டர்கள். நன்கொடையாக வந்த பொருளை விற்கும்போது மதிப்புக் கூட்டு வரி கிடையாது. கடைக்கான உள்ளாட்சி வரியில் 80 விழுக்காடு தள்ளுபடி. துணி கொடுப்பவர் வருமான வரி கட்டுபவராக இருந்து ஒரு படிவத்தில் கையெழுத்திட்டால், விற்ற ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு மேலும் 25 பென்ஸை அந்த அமைப்புக்குத் தருகிறது. இதைத் தெரிந்துகொண்டால், பல்லைக் காட்டிப் பேரம் பேசும் இடம் இதுவன்று என்பதும் விளங்கிவிடும். நம்மூர்ச் சந்தைப் பழக்கத்தில் சிலர் அப்படிக் கேட்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

அம்மா கையில் எடுத்த சட்டை

என் முதல் பிரசவத்துக்கு அம்மா வந்திருந்தார். குழந்தைக்கென்று தன் பழைய நூல் சேலைகளைக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்து, பெட்டி நிறையக் கொண்டுவந்தவர், நான் சாரிட்டி ஷாப்பில் வாங்கி வைத்திருந்த குழந்தைக் கம்பளிச் சட்டைகளை மட்டும் தொட மறுத்தார். "வேண்டாங் கண்ணு, யாரு போட்டதோ என்னமோ" என்பதோடு பேச்சை முடித்துக்கொண்டார். நானும் வற்புறுத்தவில்லை. அக்டோபர் பிறந்து குளிர் ஏறியது. திருப்பூரிலிருந்து கொண்டுவந்திருந்த ஸ்வெட்டருக்கு மேல் என் கணவரின் மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு அம்மா நடந்தார். புதிதாக ஒரு நல்ல கம்பளிக் கோட்டு வாங்கக் கடைக்கு அழைத்துப்போனால், விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்து மனத்துக்குள்ளேயே ரூபாயில் பெருக்கி, குளிரே இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவார்.

ஒரு நாள் கிளர்க் தெருவில் நடக்கும்போது மழை சாய்த்து அடித்தது. குழந்தை வண்டியோடு ஒதுங்க அருகிலிருந்த ஒரு சாரிட்டி ஷாப்புக்குள் நுழைந்தோம். அம்மா வாசலுக்குப் பக்கத்திலேயே சால்வைக்குள் கையை ஒடுக்கிக்கொண்டு நின்றார். அவர் நின்ற இடத்தில் டி-சட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தன. சிறிது நேரத்தில் சால்வைக்குள்ளிருந்து அந்தக் கை வெளியே வந்தது. சாம்பல் நிறத்தில் அரைக்கை சட்டை ஒன்றை ஹேங்கரிலிருந்து கழற்றினார். அதன் முகப்பைப் பார்க்கவேயில்லை. நேராக உள்பக்கத்தை வெளியே திருப்பினார்.

பின்பு அவர் செய்ததை நான் சிறுமியாக இருந்தபோது கம்பெனி ஜன்னல் வழியே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனால் ஏன் செய்கிறார் என்று அன்றுதான் கேட்டேன். இரண்டு தோள்பட்டையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, சட்டையை நெடுக்காக மடித்து, இரண்டு பக்கத் தையலும் கீழே வரை ஒன்றோடொன்று பொருந்தி இறங்குகிறதா என்று பார்த்தார். ஒற்றைப் பின்னல் துணியில் நூலின் முறுக்கு அடங்காமல் இருந்தால், துவைக்கத் துவைக்கத் துணி சாயும். விலாவில் இருக்க வேண்டிய தையல் வயிற்றுப் பக்கம் நகர்ந்து வந்துவிடும். அடுத்து, கழுத்து ரிப்பை, அதாவது கழுத்தைச் சுற்றி நீண்டு சுருங்கும் பட்டையை, இரண்டு கட்டை விரல்களாலும் இழுத்து விட்டார். அது தன் அளவுக்குத் திரும்பியது. தோள் தையலில் விரலை ஓட்டினார். உள்ளே டேப் வைத்துத் தைத்திருந்தது. அடிமடிப்பை அகலவாக்கில் நன்றாக இழுத்தார். நூல் அறுபடும் சத்தம் வரவில்லை. அக்குளைத் தனியே பிரித்து மஞ்சள் படிந்திருக்கிறதா என்று பார்த்தார். கடைசியாக ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, பின்னல் விட்ட இடமோ ஊசித் துளையோ உண்டா என்று மேலிருந்து கீழ் வரை கண்ணை ஓட்டினார். இத்தனையும் முடிய அரை நிமிடம் ஆகியிருக்காது. துணியைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துக்கொண்டே, "நூத்தியெம்பது ஜிஎஸ்எம் இருக்கும். எத்தன தண்ணி பாத்துருக்குது, இன்னமும் முறுக்கல பாரு" என்றார். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். மூன்று பவுண்டு விலை. லேபிளில் வங்கதேசம் என்றிருந்தது. அதை அவர் பார்த்தது எல்லாவற்றுக்கும் பிறகுதான்.

பக்கத்திலேயே எல்லோரும் அறிந்த ஒரு விளையாட்டு பிராண்டின் சட்டை எட்டுப் பவுண்டுக்குத் தொங்கியது. அதையும் திருப்பினார். கழுத்து ரிப் அலையலையாகத் தளர்ந்திருந்தது. பக்கத் தையல் தொப்புளை நோக்கி நடந்திருந்தது. முன்புறமெங்கும் சிறு சிறு உருண்டைகள். "இது ரிஜெட்டு" என்று ஹேங்கரில் மாட்டி, மாட்டியதையும் நேராக்கி வைத்துவிட்டு நகர்ந்தார்.

எத்தனை தண்ணீர் பார்த்திருக்கிறது என்று அவர் சொன்னதிலிருந்து என் எண்ணம் வேறு பாதையில் ஓடத் தொடங்கியது. திருப்பூரில் ஓர் ஆர்டருக்குத் துணி வந்தால், அதில் ஒரு துண்டை வெட்டித் துவைத்துப் பார்ப்பார்கள்: எவ்வளவு சுருங்குகிறது, முறுக்குகிறதா, சாயம் போகிறதா என்று. சுருக்கம் பெரும்பாலும் ஐந்து விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். மிச்சமுள்ள ஆயிரக்கணக்கான சட்டைகள் அந்த ஒரு துண்டின் சாட்சியத்தை நம்பிக் கப்பல் ஏறுகின்றன. கடைக்கு வரும்போது அவை எல்லாமே அழகாகத்தான் இருக்கும். காம்பாக்டிங் செய்து (துணியை முன்கூட்டியே அழுத்திச் சுருக்கி), மென்மைக்கு ரசாயனம் ஏற்றி, இஸ்திரி போட்டு, அட்டை வைத்து மடித்த நிலையில் நல்ல சட்டையும் மட்டமான சட்டையும் ஒரே தோற்றத்தில் இருக்கும். வாங்கியவர் வீட்டுச் சலவை இயந்திரத்தில்தான் உண்மை வெளிவரும். அதற்குள் காசு போயிருக்கும். சாரிட்டி ஷாப்பில் தொங்கும் ஒவ்வொரு சட்டையும் அந்தச் சோதனையைத் தனித்தனியாக முடித்துவிட்டு வந்திருக்கிறது. சுருங்க வேண்டியது சுருங்கிவிட்டது. போக வேண்டிய சாயம் போய்விட்டது. தோற்றுவிட்டதா தேறிவிட்டதா என்பதை உள்பக்கம் திருப்பிப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். கையில் பணம் குறைவாக உள்ளவருக்குத் தேவை மலிவு மட்டுமன்று, ஏமாறாமல் இருப்பதும்தான். இந்த இரண்டாவது பாதுகாப்பைப் புதுத் துணிக்கடை தருவதேயில்லை.

அம்மாவின் கோட்டு வேறொரு நாள், ஸ்டாக்பிரிட்ஜில் கிடைத்தது. கருநீலக் கம்பளி, முழு லைனிங், உள்ளே தூய கம்பளிக்குச் சான்றான பழைய வூல்மார்க் முத்திரை, 22 பவுண்டு. பொத்தான் இரண்டு இல்லை, கை நீளம். பொத்தான்களை மொத்தமாக மாற்றி, கையை உள்ளே மடித்துத் தைத்து, அந்தக் குளிர்காலம் முழுவதும் அதைத்தான் போட்டுக்கொண்டு குழந்தையை வெளியே அழைத்துப் போனார்.

கம்பளி, நீட்சி நூல், பூச்சு

பருத்திப் பின்னலுக்கு அம்மாவின் முறை போதும். மற்றவற்றுக்கு நானாகக் கற்றுக்கொண்டது கொஞ்சம் உண்டு. இந்த ஊரில் உண்மையில் சேமிப்பு இருப்பது கம்பளியில். புதிதாக நூறு பவுண்டுக்கு மேல் போகும் ஒரு தூய கம்பளிக் கோட்டு இருபது, முப்பதுக்குக் கிடைக்கிறது. வூல்மார்க் முத்திரை 1964இல் வந்தது. அது தைத்திருந்தால் நார் என்ன என்ற கேள்வி பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. ஸ்காட்லாந்தில் ஹாரிஸ் ட்வீட் என்ற கம்பளித் துணியில் தைத்த மேல்சட்டைகள் அடிக்கடி கண்ணில் படும். உருண்டையும் சிலுவையும் கொண்ட முத்திரையைப் பாருங்கள். வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில், அங்குள்ளவர்கள் தங்கள் வீடுகளில் கைத்தறியில் நெய்த துணிக்கு மட்டுமே அந்தப் பெயர் செல்லும் என்று 1993இல் நாடாளுமன்றமே ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் நிறுவனம் 2000ஆம் ஆண்டு வரை தன் துணிகளில் செயின்ட் மைக்கேல் என்ற பெயரைத் தைத்தது. அந்தப் பெயருள்ள ஒரு ஸ்வெட்டர் இன்றும் உருக்குலையாமல் தொங்குகிறது என்றால், கால் நூற்றாண்டுச் சலவையைக் கடந்து வந்திருக்கிறது என்று பொருள். லேபிள் எனக்கு உதவுவது இப்படி வயதையும் நாரையும் அறிந்துகொள்ளத்தான்.

கம்பளியில் பயப்பட வேண்டியது அந்துப்பூச்சி ஒன்றுக்கே. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் குண்டூசி முனையளவு துளைகள் தெரியும். காலரின் அடியிலும் பையின் மடிப்பிலும் மெல்லிய வலை போன்ற படிவு இருக்கும். கம்பளியும் பட்டும்தான் அதற்கு இரை. நல்ல துணியாகத் தெரிந்தாலும் நான் வாங்கிய கம்பளி எதையும் நேரே அலமாரிக்குள் வைப்பதில்லை. காற்றுப் புகாமல் பையில் கட்டி, ஃப்ரீசரில் மைனஸ் 18 பாகையில் இரண்டு வாரம் வைக்கிறேன். முட்டையும் புழுவும் அதில் செத்துவிடும். அதன் பிறகு குளிர்ந்த நீரில் அலசி, பிழியாமல், துண்டில் சுருட்டி ஈரம் எடுத்து, படுக்கையாகக் காயவைக்க வேண்டும். கம்பளியை ஹேங்கரில் ஈரத்தோடு தொங்கவிட்டால் தன் கனத்திலேயே நீண்டுவிடும்.

உருண்டை திரண்ட ஸ்வெட்டரை உடனே ஒதுக்க வேண்டியதில்லை. தூய கம்பளியில் திரளும் உருண்டையைச் சீப்பாலோ ரேசராலோ எடுத்துவிடலாம். நாளடைவில் அது தானாகவும் உதிரும். பாலியெஸ்டர் கலந்த நூலில் திரள்வதுதான் விடாது. அந்த நார் வலுவானதாகையால் உருண்டையை இறுகப் பிடித்துக்கொள்ளும். அதேபோல, நீட்சி தரும் எலாஸ்டேன் நூல் சூட்டிலும் காலத்திலும் செத்துப்போகும் தன்மை உடையது. ஜீன்ஸ் முழங்காலை இழுத்து விட்டால் குழைந்து நிற்கிறது என்றாலோ, இடுப்புப் பட்டைக்குள் மொறுமொறுவென்று நொறுங்கும் சத்தம் கேட்டாலோ, அதற்கு மருந்தில்லை. மழைச்சட்டைகளில் உள்பக்கப் பூச்சைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பிசுபிசுத்தாலும் வெள்ளையாகச் செதில் உதிர்ந்தாலும் அது இனி மழை தாங்காது. செயற்கைத் தோல் கோட்டுகளுக்கும் இதே கதிதான். பொத்தான் போயிருப்பது, ஓரம் பிரிந்திருப்பது, ஜிப் தலை கழன்றிருப்பது ஆகியவையெல்லாம் ஊசி நூலோடு ஒரு மாலையில் சரியாகிவிடும் குறைகள். பெரும்பாலோர் இவற்றைப் பார்த்து ஒதுக்கிவிடுவதால்தான் நல்ல துணி நமக்காகக் காத்திருக்கிறது.

அளவுச் சீட்டை நம்ப வேண்டாம். பத்தாம் எண் என்பது கடைக்குக் கடை, ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கிறது. நன்றாகப் பொருந்தும் ஒரு சட்டையின் அக்குள் முதல் அக்குள் வரையிலான அகலத்தையும் தோள் அகலத்தையும் குறித்து வைத்துக்கொண்டு, ஒரு டேப்போடு போனால் போதும். இடமும் கிழமையும் கேட்பவர்களுக்கு: மார்னிங்சைடில் கம்பளி நன்றாக இருக்கும், ஆனால் விலை போடுபவருக்கும் அது தெரிந்திருக்கும். வார இறுதியில் வீடு ஒழித்தவர்கள் பையைக் கொண்டுவந்து போடுவதால், வாரத் தொடக்கத்தில் புதுச் சரக்கு வெளியே வரும். மே மாதக் கடைசியில் மாணவர்கள் ஊர் திரும்பும்போது நல்ல குளிர்கால உடுப்புகள் வந்து குவியும். அவற்றை வாங்க அதுவே ஏற்ற காலம்.

வரிசை மாறிக்கொண்டிருக்கிறது

ஆனால் ஒன்று எனக்குக் கவலையளிக்கிறது. ஹேங்கர் வரிசைகளில் நல்ல துணியின் பங்கு ஆண்டுக்காண்டு குறைகிறது. புதிதாகவே நான்கு, ஐந்து பவுண்டுக்கு விற்கும் சட்டைகள், சில முறை உடுத்தி வீசப்பட்டு, இங்கே மூன்று பவுண்டுக்குத் தொங்குகின்றன. அவை கைக்கு எடுத்ததுமே கனமில்லாமல் இருக்கும். தையல் அகலகலமாக ஓடியிருக்கும். மடித்துப் பார்த்தால் முறுக்கியிருக்கும். விற்காதவை மூட்டைகளாகக் கட்டப்பட்டு, கிலோ கணக்கில் பழந்துணி வணிகர்களிடம் போகின்றன. அங்கிருந்து சில கானாவின் அக்ராவிலுள்ள காண்டமாண்டோ சந்தைக்கும், கம்பளி வகைகளில் சில நம் பானிப்பட்டுக்கும் போகின்றன. பானிப்பட்டில் அவற்றை நிறவாரியாகப் பிரித்து, கிழித்து, மறுபடியும் நூலாக்கிப் போர்வை நெய்கிறார்கள்.

சில முறை மட்டுமே உடுத்திய சட்டை என்றாலும், அதற்குச் சாயம் ஏற்ற ஆன தண்ணீர் குறைவதில்லை. சாயக் கழிவு கலந்து எங்கள் ஊர் நொய்யல் ஆறு எந்த நிறத்தில் ஓடியது என்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது எங்கள் தெருவில் எத்தனை வீடுகளில் அடுப்பு தடுமாறியது என்பதும் எனக்குத் தெரியும். அந்த ஆறும் அந்த வேலையும் சேர்ந்து கொடுத்த விலையை எண்ணும்போது, ஒரு சட்டை இரண்டாவது ஆளுக்கும் மூன்றாவது ஆளுக்கும் உழைக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நினைக்கிறேன். புதிதாக எதையாவது வாங்க நேர்ந்தாலும் இப்போது அதை முதலில் உள்பக்கம் திருப்பித்தான் பார்க்கிறேன். விற்பனைப் பெண் விநோதமாகப் பார்த்தாலும் பரவாயில்லை.

இந்த செப்டம்பரில் கோயம்புத்தூரிலிருந்து முதுகலை படிக்க வந்திருக்கும் ஒரு பெண்ணை நிக்கல்சன் தெருவுக்கு அழைத்துப் போனேன். தயக்கத்தோடுதான் வந்தாள். தோள்பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து மடிப்பது எப்படி என்று ஒரு சட்டையில் காட்டினேன். அடுத்த சட்டையை என்னிடமிருந்து வாங்கி அவளே மடித்தாள். மெரினோ கம்பளி ஸ்வெட்டர் இரண்டும், தடித்த பருத்திச் சட்டை மூன்றும், லைனிங் பிரிந்த ஒரு குட்டைக் கோட்டும் எடுத்தாள். எல்லாம் சேர்ந்து நாற்பது பவுண்டுக்குள் அடங்கியது. லைனிங்கை நானே தைத்துத் தருவதாகச் சொன்னேன். "சொல்லிக் குடுங்கக்கா, நானே தச்சுக்கறேன்" என்றாள். பூட்ஸ் ஒன்றையும் அவள் எடுத்துப் பார்த்தாள். பார்வைக்குப் புதிதாக இருந்தது. ஆனால் அதன் பாலியூரித்தேன் அடிப்பாகத்தை விரலால் அழுத்தியபோது ஓரம் பொடியாக உதிர்ந்தது. போடாமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்திலேயே சிதையும் பொருள் அது. ஆகவே பூட்ஸை மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளச் சொல்லி, உடுப்பில் மிச்சமான பணத்தை அதற்கு ஒதுக்கினோம்.